எக்ஸ்ரேக்காரி கண்ட நெபுலா

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மிஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை உட்காரவைத்து, டீயும் பழ பஜ்ஜியும் கொடுத்து, அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. நானும் போனேன். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. படம் எடுத்த மறுநொடி திரையில் நெஞ்சு வந்து நிற்கிறது. சந்தேகமான இடத்தில் அதுவே சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டிவிடுகிறது. நான் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இப்போது அங்கே வேலை பார்க்கும் பிரின்சி என்ற பெண் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நீங்க கண்டுபிடிச்ச நெபுலா என்ன ஆச்சு? பேப்பர்ல வரும்னு சொன்னாங்களே?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். "அது பெரிய கதையாக்கும் மக்கா, பிறகு சொல்லுதேன்" என்று பஸ்ஸைச் சாக்குச் சொல்லி ஓடி வந்துவிட்டேன். பஜ்ஜியைக்கூடத் தின்னவில்லை. வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும், இனி ஆளாளுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

என் பெயர் எஸ்தர். வீடு பூதப்பாண்டிக்குப் பக்கம். மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றேன். படிப்பு, பயிற்சி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. நர்சிங்குக்கு இடம் கிடைக்கவில்லை, எக்ஸ்ரேக்குக் கிடைத்தது. முதல் வருஷம் முழுக்க இருட்டறையில் பிலிம் கழுவினேன். அடுத்த வருஷம்தான் படம் எடுக்க விட்டார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கையில் அந்த மருந்துத் தண்ணீர் நாற்றம் போகாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சாமுவேல் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏட்டி, நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போறியா, ஊறுகாய்க் கம்பெனிக்குப் போறியா?" என்பார். அவர் அப்போது பஸ் கண்டக்டர். நாள் முழுக்கப் பிறத்தியாரோடு மல்லுக்கட்டிவிட்டு, மிச்சக் கேலியை வீட்டுக்குக் கொண்டு வருவார்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் ஞானசிகாமணி. ஒல்லியான மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வழக்கமாக 'பிள்ளே' என்று கூப்பிடுகிறவர், "எஸ்தர் அவர்களே, கொஞ்சம் இஞ்ச வாருங்க" என்றால் அன்றைக்கு நம் கதி அதோகதி. படத்தை முதலில் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்க்கமாட்டார். ஈரம் சொட்டச் சொட்ட வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளியே நிற்கும் பலாமரத்துக்கு மேலே வானத்தை நோக்கிப் பிடிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பிறகு சுண்டுவிரலால் ஓரிடத்தைக் காட்டிக் கேட்பார்.

"பிள்ளே, இது ஆருக்க நிழலு? அவங்களுக்கு உள்ளே இருக்கதா, நாம உண்டாக்கினதா?"

இந்த ஒரு கேள்விதான் அவரிடம் நான் கற்ற மொத்தப் பாடம். தாயத்து, அரைஞாண் வெள்ளி, ஜாக்கெட்டில் மறந்துபோன ஊக்கு, பிலிம் வைக்கும் கேசட்டுக்குள் விழுந்த தூசி, எல்லாமே படத்தில் வரும். வந்து நோய் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அவருக்குப் பதில் தெரியாத நிழல் எங்கள் பிரிவைவிட்டு வெளியே போகக் கூடாது. வெளியே வரிசை நீண்டு ஆட்கள் கத்தினாலும் சரி, அவர் ஜன்னலை விட்டு நகரமாட்டார். எனக்கோ காலில் வெந்நீர் ஊற்றியது போல இருக்கும். இயற்கையிலேயே நான் பொறுமை இல்லாதவள். அந்த மனிதரின் கீழே இருந்து பொறுமை வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. பயம்தான் வந்தது.

ஷைனி என்று ஒரு நர்ஸ் பெண். குளச்சல்காரி. அப்பாவுக்குக் கடலில் கால் போய், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. சவுதியில் வேலை கிடைத்து, மெடிக்கலுக்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று எங்களிடம் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தாள். மாலை ஷிப்டில் வேறொருவர் எடுத்த படம். வலது நுரையீரலின் உச்சியில் கோடு கோடாக ஒரு நிழல். வெளியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் நெஞ்சு நோய் டாக்டர் பார்த்துவிட்டு, காசநோய், மாத்திரையை ஆரம்பி என்றுவிட்டார். மாத்திரை தொடங்கினால் சவுதி அதோடு முடிந்தது. அந்தப் பெண் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, அழக்கூடச் செய்யாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். சுண்டுவிரல் அந்தக் கோட்டின் மேலேயே போய், நுரையீரலைத் தாண்டி, கழுத்துக்கு ஏறியது. "பிள்ளே, நோய் நெஞ்சுக்கு வெளியே எறங்கி நடக்குமா?" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய் ஷைனியைக் கேட்டேன். அன்றைக்குத் தலைகுளித்து, எண்ணெய் வைத்து, ஈரத்தோடு பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். முடியை உச்சிக்குத் தூக்கிக் கட்டச் சொல்லி மறுபடி எடுத்தேன். நெஞ்சு கண்ணாடியாக இருந்தது.

ஆனால் வெளி டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது படத்தில் கதிர் அளவு வேறு, மெல்லிய நிழல் அதில் தப்பியிருக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இல்லாமல் போனது எதையும் நிரூபிக்காது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நிழலு போனா மட்டும் போராது பிள்ளே. வந்த வழி தெரியணும். திரும்ப வரவழைச்சுக் காட்டணும்." பெண்ணுக்கு மூன்றாவது தடவை கதிர் கொடுக்க அவருக்கு மனமில்லை. சமையல்கட்டு ரோசம்மாவிடம் போய் அவள் சவுரிமுடியை இரவல் கேட்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. சவுரியைத் தண்ணீரில் நனைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பின்னி, நெஞ்சுக்குப் பதிலாகத் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, அதன்மேல் போட்டு எடுத்தேன். அதே கோடு. அதே மாதிரி இழையிழையாக. வெளி டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துத் தன் எழுத்தை அடித்தார். ஷைனி சவுதிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிக் கதை போதும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை என்னால். எதையாவது படம் எடுத்தே பழகிய கை. மாவட்டத்தில் வானம் பார்க்கிற குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ஜெபின் என்ற வங்கி ஊழியர், முப்பத்தைந்து வயசு இருக்கும், எங்கள் சபைக்காரர். அவர் ஒருநாள் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை எங்கள் மொட்டைமாடியில் வைத்து, மிருகசீரிடத்துக்குக் கீழே இருக்கும் நெபுலாவை ஒரு படம் எடுத்துக் காட்டினார். கறுப்புக்குள் சாம்பல். சாம்பலுக்குள் இன்னும் மெல்லிய சாம்பல். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த சங்கதி. அந்தத் தொலைநோக்கியை அவரிடமிருந்தே வாங்கிவிட்டேன்.

நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயுவும் தூசியும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டி, ஐந்து ஐந்து நிமிடமாக நிறையப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், மெல்ல மேலே வரும். அதுவரை தொலைநோக்கியின் குழல் வானத்தோடு சேர்ந்து பைய நகர வேண்டும். நகர வேண்டுமென்றால் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டும். காஷ்மீர்க்காரனுக்குத் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். நமக்கு அது தென்னை ஓலைக்குள் கிடக்கும். எங்கள் வீட்டுக்கு வடக்கே தாடகை மலை வேறு நின்று அதையும் மறைத்துவிட்டது. என் மாடியிலிருந்து நான் அதைப் பார்த்ததே கிடையாது. வேறு ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்த்து, திருகை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி பார்த்து, மறுபடி திருப்பி, அப்படித்தான் குழலை நேராக்க வேண்டும்.

இதற்கு மேல் நம்ம ஊர்க் குளிர்காலம். நெபுலாக்கள் நன்றாக ஏறி நிற்கும் மாதங்களில்தான் இங்கே மழை. வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று டிவியில் சொன்னால் எனக்கு வயிறு எரியும். மழை விட்டால் பனி. குழலின் வாயில் பனி கோத்துக் கண்ணாடி வெளுத்துவிடும். அதற்காகப் பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஒட்டிச் சுருட்டி, குழலின் வாய்க்கு நீளமாக ஒரு மூக்கு வைத்திருந்தேன். பனி அந்த மூக்கில் கோக்கும், கண்ணாடிக்கு வராது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "வானத்துக்கு எக்ஸ்ரே எடுக்கப் போறியாக்கும்?" என்றார். பனி மூக்கையும் மீறினால், முடி உலர்த்தும் மிஷினோடு அவரைத்தான் எழுப்புவேன். பாவம், முனகிக்கொண்டே வருவார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டால் அதுவும் பலிக்காது. குழல் நடுங்கும், நட்சத்திரமெல்லாம் புழுவாக வரும். சவம், இதையெல்லாம் விட்டுவிட்டுப் பேசாமல் கோழி வளர்க்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

சமீபத்தில் முடிந்த குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் வாரம், மழைக்கு நடுவே இரண்டு இரவு வானம் தெளிந்தது. தெற்கே, பெரிய நாய் என்கிற நட்சத்திரக் கூட்டத்துக்கும் கீழே, கப்பலின் பின்பக்கம் என்று சொல்லும் பகுதியைப் பிடித்தேன். வடக்கு நாடுகளில் இருக்கிறவர்களுக்கு அது அடிவானத்தைவிட்டுச் சரியாக எழும்பாது. நமக்கு நன்றாக ஏறும். படங்களை அடுக்கி, பின்னணியின் மங்கலை இழுத்து வெளிச்சமாக்கிப் பார்த்தபோது, ஓர் ஓரத்தில் வெளிறிய நீலத்தில் வில் மாதிரி வளைந்த கீற்று ஒன்று. முதல் இரவில் எடுத்ததைத் தனியாக அடுக்கினேன், இருந்தது. இரண்டாம் இரவைத் தனியாக அடுக்கினேன், அதே இடத்தில் இருந்தது. நெபுலா அட்டவணை எதிலும் அந்த இடத்தில் ஒன்றும் குறிக்கப்படவில்லை.

ஜெபினுக்கு அனுப்பினேன். ராத்திரியே போன் வந்துவிட்டது. ஆன்ட்டி என்பதை அவர் ஆன்றி என்றுதான் சொல்வார்.

"ஆன்றி, இது புதுசு ஆன்றி! வெளிநாட்டுல சாதாரண ஆட்கள்தான் இப்போ இப்படிக் கண்டுபிடிக்கியாங்க. பதிவு பண்ணினா உங்க பேருதான் வைப்பாங்க!"

உங்கள் பெயர். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் நெஞ்சு, எத்தனை எலும்பு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. படத்தில் நோயாளி பெயர் இருக்கும், ரிப்போர்ட்டில் டாக்டர் பெயர் இருக்கும். எடுத்தவள் பெயர் எங்கும் இருக்காது. அது அப்படித்தான், அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஜெபின் சொன்ன அந்த நிமிடத்தில் தெரிந்தது, எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும். வெட்கமாகக்கூட இருந்தது.

வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம். மறுநாளே சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். குவைத்தில் இருக்கும் தம்பிக்குப் போன். கடைத்தெருவில், "எனக்க வீட்டுக்காரி வானத்துல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா, கேட்டியளா" என்று டீக்கடை டீக்கடையாக. பாஸ்டர் பொன்னாடை போர்த்த நாள் கேட்டார். ஜெபின் அறிக்கை எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பட்டுமா அனுப்பட்டுமா என்று துடித்தார்.

"ஒரு தடவ கூட எடுத்துப் பாத்துட்டு அனுப்புவோம்" என்றேன்.

"நம்ம அனுப்பலன்னா வேற எவனாவது அனுப்பிருவான் ஆன்றி. ஒலகம் முழுக்கக் கேமரா வச்சிட்டுத்தான் இருக்கியான்."

அவர் சொன்னது உண்மை. ஆனால் வானம் திறக்கவில்லை. ஜனவரியில் இப்படி ஒரு மழையா! விடாமல் மூடிக்கொண்டு நின்றது. நான் மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். சோறு இறங்கவில்லை. ஒறக்கம் இல்லை. வெப்ராளம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். பால் பொங்கி வழியும், நான் ஜன்னலில் நிற்பேன். சாமுவேல் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இது பிரசவ ஆஸ்பத்திரி வராந்தா மாதிரியில்லா இருக்கு" என்றார். நான் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

மாதக் கடைசியில் ஓர் இரவு, பாதி ராத்திரி கழித்துத் திறந்தது. முழுசாக இல்லை. லேசான புகைமூட்டம், பாதி நிலா. கிடைத்தவரை எடுத்தேன். அடுக்கினேன். கீற்று இல்லை.

ஜெபின் அசரவில்லை. "நிலா வெளிச்சத்துல அது அமுங்கிப் போயிருக்கும் ஆன்றி. மெல்லிய சங்கதியில்லா? போன தடவ எடுத்ததுல பாதிகூட நீங்க இந்தத் தடவ எடுக்கல்ல."

சரியான வாதம். அதைக் கேட்க எனக்கு இனித்தது. சரி மக்கா, அனுப்பு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். டாக்டர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தாலும் அந்தச் சுண்டுவிரல் என்னை விடவில்லை. ஆருக்க நிழலு பிள்ளே? யோசிக்க யோசிக்க அவர்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நிம்மதியாக ஒரு சந்தோஷத்தை அனுபவிக்க விடாத மனுஷன்!

மறுநாள் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சாமுவேல் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்த நீள மூங்கில் கம்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குலை தள்ளிய வாழை சாய்கிறது, முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். அது கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கிய கம்பு. எங்கள் பக்கம் டிசம்பர் பிறந்தால் யார் வீட்டு ஸ்டார் உயரம் என்று ஒரு போட்டி நடக்கும். அந்த வருஷம் அவர் வெள்ளை எல்.இ.டி. போட்ட பெரிய ஸ்டார் வாங்கி, அந்தக் கம்பின் உச்சியில் ஏற்றியிருந்தார். ஸ்டாரை எப்போதோ இறக்கியாகிவிட்டது, கம்பு மட்டும் நின்றது. ஏற்றிய அன்றைக்கே, "உனக்க படத்துக்கு வெளிச்சம் அடிக்காது, தொட்டிக்குப் பொறத்தால கெட்டியிருக்கேன், வந்து பாத்துக்கோ" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தெரியவில்லை. சரி என்றேன்.

துணி கையில் இருக்க, அப்படியே நின்றேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை. குழலின் வாய்க்கு? குழல் தெற்கே சாயும்போது அதன் வாய் தொட்டியைத் தாண்டி நிற்கும். அதற்கு மேலே பளபளவென்று எக்ஸ்ரே பிலிம் மூக்கு.

"இஞ்ச பாருங்க. கம்பைக் கெட்டுங்க மறுபடி."

"எதுக்குட்டி?"

"ஸ்டாரையும் எடுத்துட்டு வாருங்க."

அவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன். ஸ்டார் வெளிச்சம் பிலிமில் பட்டு உள்ளே தெறித்திருந்தால், குழல் நகர நகர அந்தத் தெறிப்பும் வளைந்து நகர்ந்து கீற்றாகும். இரண்டு இரவும் குழல் ஒரே வழியில்தான் போனது, அதனால் கீற்றும் ஒரே இடத்தில் வரும். கேட்டுவிட்டு அவர் கம்பை மறுபடி தொட்டியோடு சேர்த்துக் கட்டினார். கீழே போய், பரணில் இருந்து ஸ்டாரை எடுத்து, தூசியைத் தட்டிக் கொண்டுவந்தார். பிப்ரவரி மாதம், லெந்து என்கிற தவக்காலம் வரப்போகிறது, எங்கள் வீட்டு மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறுகிறது! அடுத்த வீட்டுப் பகவதி அக்கா சுற்றுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாரே, இனி ஈஸ்டருக்கும் ஸ்டார் உண்டா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன், அன்றைக்கு, "ஆமாக்கா, சும்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பார்த்து வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. டிசம்பரில் பாதி ராத்திரிக்கு ஏறுகிற பகுதி, பிப்ரவரியில் சாப்பாட்டு நேரத்துக்கே ஏறிவிடும். குழலை அதே இடத்துக்குத் திருப்பினேன். ஸ்டார் எரியாமல் கொஞ்சம் படங்கள், எரியவிட்டுக் கொஞ்சம் படங்கள். முதலில் அணைத்து வைத்து எடுத்தவற்றை அடுக்கினேன். கறுப்பு, நட்சத்திரங்கள், வேறொன்றும் இல்லை. பிறகு எரியவிட்டு எடுத்தவற்றை அடுக்கினேன். பின்னணியை இழுத்தேன்.

வந்தது.

அதே வெளிறிய நீலம், அதே வளைவு, அதே ஓரம். அவர் சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர், என் முதுகைப் பார்த்தே கிட்ட வந்தார். அந்தப் படத்தை டிசம்பரிலிருந்து அவர் போனில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எனக்க ஸ்டாராட்டி?" என்றார்.

"அதோட எனக்க பிலிமும்."

பிலிம் மூக்கைக் கழற்றிவிட்டு எடுத்தேன். ஸ்டார் எரிந்தும் கீற்று இல்லை. மாட்டி எடுத்தேன். இருந்தது. ஸ்டாரை அணைக்கச் சொன்னேன். போனது. போடச் சொன்னேன். வந்தது. இன்னொரு முறை அணைக்கச் சொன்னேன். அவர் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றார்.

"போரும் எஸ்தரே. எனக்க கையால திருப்பித் திருப்பி அதை அணைக்கச் சொல்லாத."

"அணைங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அணைத்தார்.

அங்கேயே உட்கார்ந்து ஜெபினுக்கு எல்லாப் படங்களையும் அனுப்பி, அது எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார், அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடு மக்கா என்று எழுதினேன். பிறகு போனில் வந்தார். "ஆன்றி" என்றார். எனக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று அவர் தேடுகிறார் என்று தெரிந்தது. "பாஸ்டர்கிட்ட நீயே சொல்லிரு, என்னால ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அழுகை வந்தது. அழுதேன். கண்டக்டர் வேலை பார்த்த மனுஷனுக்கு எந்தக் கூட்டத்திலும் நிற்கத் தெரியும், அழுகிற பெண்டாட்டிக்கு முன்னால் எப்படி நிற்பதென்று இன்னும் தெரியாது. முடி உலர்த்தும் மிஷினைக் கையில் எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார். "தேயிலை போடட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். கேமராவைக் கழற்ற எழுந்தவள், கழற்றவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

"இஞ்ச பாருங்க. ஒரு தடவ கூட அந்த ஸ்டாரைப் போடுங்க."

"இனி எதுக்கு? எல்லாந்தான் பாத்தாச்சே."

"சோதிக்க இல்ல. பாக்கதுக்கு."

போய்ச் சுவிட்சைப் போட்டார். தானும் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒரு படம் முழுசாக வர ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.